வீதியோரத்தில் ஆள் நின்று வேலை செய்கிறார்: திருகோணமலையில் புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு

திருகோணமலைக்கு இடமாற்றத்தில் வந்தவர்கள், இங்கேயே பிறந்து இப்போதுதான் லைசன்ஸ் எடுத்தவர்கள், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து சொந்தக்காரரின் வானை ஓட்டிப் பார்ப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். விஷயம் சிறியதுதான். வீதியோரத்தில் நின்று வேலை செய்யும் ஒருவரை வாகனத்தில் எப்படித் தாண்டிப் போவது? லேனர்ஸ் வகுப்பில் எட்டுப் போடப் பழக்குவார்கள், பின்னுக்கு எடுத்து நிறுத்தப் பழக்குவார்கள். இதைப் பழக்குவதற்குப் பெரும்பாலும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

சட்டம் என்ன கேட்கிறது

இந்த விஷயத்துக்கென்றே தனிச் சட்டம் வைத்திருக்கும் நாடுகள் இருக்கின்றன. அதன் தொடக்கம் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம். 1994இல் அங்கே லெக்சிங்டன் என்ற இடத்தில், விபத்தில் சிக்கியவர்களுக்கு உதவிக்கொண்டிருந்த ஜேம்ஸ் கார்சியா என்ற அம்புலன்ஸ் ஊழியரை ஒரு வாகனம் மோதியது. பொலிஸ் அறிக்கையில் தவறு அவர்மேலேயே எழுதப்பட்டது. வீதியில் நின்றது அவர்தானே என்ற கணக்கு. அவர் அதோடு விடவில்லை. 1996இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விளக்கு மின்ன வீதியோரம் நிற்கும் அவசர சேவை வாகனத்தைக் கண்டால் பக்கத்து லேனுக்கு மாற வேண்டும், மாற முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 2012இல் 50 மாநிலங்களிலும் இது வந்துவிட்டது. முதலில் பொலிஸ், அம்புலன்ஸ், தீயணைப்பு ஆகியோருக்கென்று இருந்த பாதுகாப்பு, பிறகு பல மாநிலங்களில் இழுவை வண்டிக்காரர், வீதி திருத்துபவர், குப்பை அள்ளுபவர் வரை விரிந்தது.

இலங்கையில் வீதிச் சட்டத்தின் அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். கவனயீனமாக ஓட்டுவது அதன்படி குற்றம். வீதியில் குனிந்து குழி நிரப்பிக்கொண்டிருக்கும் ஆளை உரசிக்கொண்டு போவதும் அதற்குள் வரும். கவனயீனத்தால் ஒருவர் உயிரிழந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு வரும். அதில் ஐந்து ஆண்டு வரை சிறை. "நான் மெதுவாகத்தான் வந்தேன், அவர்தான் குறுக்கே வந்தார்" என்ற பேச்சு நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலகு, அல்லது வேகத்தைக் குறை என்ற விதி, ஒரே திசையில் இரண்டு மூன்று லேன் ஓடும் நெடுஞ்சாலைகளை மனதில் வைத்து எழுதியது. திருகோணமலையைச் சுற்றியுள்ள வீதிகளில் பெரும்பகுதி, போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே லேன். இங்கே விலகுவது என்றால் எதிரே வரும் பஸ்ஸின் முகத்துக்கு நேரே போவது. ஆகவே அந்த விதியில் நமக்கு மிஞ்சுவது வேகத்தைக் குறைப்பது, தேவைப்பட்டால் நிற்பது. இனிச் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

படி 1: எங்கே நிற்பார்கள் என்று தெரிந்து வைத்திருங்கள்

நகரத்துக்குள் என்றால் விடியற்காலை. வீதி கூட்டுபவர்களும் குப்பை வண்டியில் வேலை செய்பவர்களும் வெளிச்சம் சரியாக வரும் முன்பே இறங்கிவிடுவார்கள். பஸ் நிலையத்தைச் சுற்றி, சந்தையைச் சுற்றி, கோணேஸ்வரம் போகும் பாதையில், உவர்மலைப் பக்கம் என்று எங்கும் பார்க்கலாம். குப்பை வண்டியின் பின்னால் இருந்து ஒருவர் எந்த நேரமும் குதித்து இறங்குவார். அந்த வண்டியைத் தாண்டும்போது அதன் பின்பக்கத்தை விட முன்பக்கத்தை அதிகம் கவனியுங்கள். வாளியோடு அவர் வீதியைக் கடப்பது அங்கேதான்.

பகலில் மின்சார சபையின் ஏணி வண்டி, நீர் வழங்கல் சபையின் குழாய் வெட்டு, டெலிகொம் கேபிள் வேலை. இவர்கள் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள். காலையில் நீங்கள் போனபோது வெறுமையாக இருந்த இடத்தில் மாலையில் குழி இருக்கும். தெரிந்த பாதைதானே என்று கண்ணை அலைய விடுகிறவர்கள்தான் இங்கே மாட்டுவார்கள்.

நகரத்துக்கு வெளியே கதை வேறு. கந்தளாய் வழியாக வரும் ஏ6, அநுராதபுரத்திலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வரும் ஏ12, மட்டக்களப்பிலிருந்து வரும் ஏ15, வடக்கே நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்குப் போகும் வீதி. கார்த்திகை, மார்கழி மழை இந்த வீதிகளைக் கிழித்துப் போட்டுவிடும். மழை விட்டதும் திருத்த வேலை தொடங்கும். இதில் ஏ6 கொஞ்சம் கூடுதல் கவனம் கேட்கும் வீதி. சீனக்குடாப் பக்கம் மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் இருப்பதால் லொறியும் பௌசரும் இரவு பகல் பார்க்காமல் ஓடும். வீதியோரம் நிற்கும் ஆளுக்கும் உங்களுக்கும் நடுவில் இப்படிப்பட்ட ஒரு பெரிய வண்டி போனால், அது விலகும் வரை ஆள் உங்கள் கண்ணில் படவே மாட்டார்.

கிண்ணியாப் பாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2009இல் திறந்தது, 396 மீற்றர் நீளம். பாலத்தின் மேல் விளக்கோ கைப்பிடியோ திருத்திக்கொண்டிருப்பவர் ஆபத்து வந்தால் குதித்து ஒதுங்க மண் ஓரம் கிடையாது. ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் தண்ணீர். பாலத்தில் ஆள் வேலை செய்வதைக் கண்டால் ஏறும் முன்பே வேகத்தை இறக்கிவிடுங்கள்.

படி 2: ஆக்சிலரேட்டரில் இருந்து காலை முன்கூட்டியே எடுங்கள்

மண்வெட்டியோடு குனிந்த ஆள் உருவம் போட்ட பலகை, வரிசையாக வைத்த கோன், சிவப்பு வெள்ளை நாடா, மின்னும் மஞ்சள் விளக்கு: இதில் எது தெரிந்தாலும் அந்தக் கணமே ஆக்சிலரேட்டரில் இருந்து கால் வர வேண்டும். பல இடங்களில் இது எதுவும் இருக்காது. ஒரு மரக்கொப்பை வெட்டிக் குழிக்குள் நட்டு வைத்திருப்பார்கள், அல்லது ஒரு பழைய தார் பீப்பாய். அதையும் பலகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கொப்பு நட்டவர் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறார்.

ஏன் இவ்வளவு முன்னால் என்று கேட்பீர்கள். காய்ந்த தார் வீதி, நல்ல பிரேக், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் முழுதாக நிற்கச் சுமார் 56 மீற்றர் வேண்டும். 50 என்றால் சுமார் 35 மீற்றர். 30 என்றால் 17, 18 மீற்றர் போதும். கல் ஏற்றிய டிப்பருக்கு இதெல்லாம் இன்னும் கூடும். நகர்ப்புறத்தில் கார்களுக்கு 50, வெளியே 70 என்பது பொதுவான வேக எல்லை. கனரக வாகனங்களுக்கு 40, 60. ஓட்டோவுக்கு 40. இவை எல்லாம் வீதி காலியாக, ஒழுங்காக இருக்கும்போது போகக்கூடிய உச்ச வேகம். 70 போகலாம் என்று சட்டம் சொன்ன இடத்தில் ஆள் நின்று தார் ஊற்றிக்கொண்டிருந்தால், 70 போனதற்கு அந்த எல்லையைக் காட்டித் தப்ப முடியாது. வேலை நடக்கும் இடத்துப் பலகையில் குறைந்த வேகம் போட்டிருந்தால் அதுதான் அங்கே எல்லை.

என் கணக்கு இது: ஆள் வீதியில் நிற்கிறார், நடுவில் தடுப்பு எதுவும் இல்லை என்றால் 30க்குக் கீழே. கை நீட்டினால் தொடும் தூரத்தில் போக வேண்டியிருந்தால் நடை வேகம். பின்னால் வருபவர் ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும். ஹசாட் லைட்டை இரண்டு மூன்று தரம் மின்ன விட்டால் முன்னால் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிடும்.

நகரத்துக்குள் புள்ளிமான்கள் வீதியில் நடமாடுவதைப் புதிதாக வந்தவர்கள் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வந்தால் எல்லாரும் நிற்கிறோம், கைபேசியில் படமும் எடுக்கிறோம். அதே வீதியில் வடிகானுக்குள் இருந்து ஒரு மனிதர் தலையை நீட்டினால் ஹோர்ன் அடிக்கிறோம். இதை என்னவென்று சொல்வது.

படி 3: விலகுவதா, காத்திருப்பதா

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். உங்கள் பக்கத்து லேனில் வேலை நடக்கிறது, எதிர் லேன் வழியாகத்தான் தாண்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தடை யார் பக்கத்தில் இருக்கிறதோ அவர்தான் காத்திருக்க வேண்டும். எதிரே வருபவர் அவர் பாதையில் வருகிறார், அவரை நிறுத்திவிட்டுப் போக உங்களுக்கு உரிமை இல்லை. லைட்டை அடித்துக்கொண்டு முந்தி நுழைந்தால் என்ன ஆகும்? எதிரே வருபவர் பயந்து தன் இடப்பக்கம் ஒதுங்குவார், நீங்கள் உங்கள் இடப்பக்கம் ஒதுங்குவீர்கள். உங்கள் இடப்பக்கத்தில் நிற்பது வேலையாட்கள். இரண்டு வாகனமும் உரசாமல் தப்பிவிடும், அவர்கள் தப்ப மாட்டார்கள்.

காத்திருக்கும்போது தடைக்கு ஒட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். ஒரு பஸ் நீளம் பின்னால் நில்லுங்கள். அப்போதுதான் எதிரே வருவது தெரியும், வெளியே எடுக்கும்போது வண்டியின் மூக்கைச் சாய்வாகத் திருப்ப இடமும் இருக்கும். கிட்டப் போய் நின்றவர் ஒரேயடியாக வெட்டித் திருப்ப வேண்டி வரும். நீளமான வண்டி என்றால் அந்த வெட்டலில் வால் பக்கம் ஆட்களை நோக்கி வீசும்.

வழி கிடைத்ததும் முதலில் சிக்னல், பிறகு கண்ணாடி, பிறகு வலப்பக்கத் தோளுக்கு மேலால் ஒரு பார்வை. நீங்கள் காத்திருப்பது பொறுக்காமல் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஏற்கெனவே ஓவர்டேக் எடுத்திருக்கும். நம் ஊரில் இது நடக்குமா என்று யோசிக்கவே தேவையில்லை, நடக்கும்.

ஆளுக்கும் வண்டிக்கும் நடுவில் குறைந்தது ஒன்றரை மீற்றர் விடுங்கள். கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பஸ், வைக்கோல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர், குழாய் கட்டிய பட்டா லொறி என்றால் அந்த ஒன்றரை மீற்றரை வண்டியின் உடம்பிலிருந்து அளக்கக் கூடாது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதன் நுனியிலிருந்து அளக்க வேண்டும்.

படி 4: கொடி பிடிப்பவர் சொன்னால் சொன்னதுதான்

ஒரு லேனை மூடி வேலை செய்யும் இடங்களில் இரு முனையிலும் ஆள் நின்று சிவப்புக் கொடி, பச்சைக் கொடி காட்டுவார்கள். அவர் பொலிஸ் இல்லையே, ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு எண்ணம் சிலருக்கு உண்டு. மறுமுனையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். சிவப்பைத் தாண்டிப் போனால் நடுப்பாதையில் எதிர் வரிசையோடு மூக்கு முட்டி நிற்க வேண்டியதுதான். அப்புறம் பின்னுக்கு எடுப்பது யார் என்று வாக்குவாதம். அந்த நேரம் முழுக்க வண்டிகளுக்கு நடுவே சிக்கி நிற்பவர்கள் வேலையாட்கள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று அவர் சொன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அவர் காலையிலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறார். வரிசையை வெட்டி முன்னால் போகும் பழக்கத்தை ஓட்டோக்காரர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் இந்த இடத்திலாவது விட்டுவிட வேண்டும். பச்சைக் கொடி விழுந்ததும் முதலில் பாய்பவர்கள் இவர்கள்தான், கடைசி வாகனம் வெளியேற முன்பு எதிர்ப்பக்கத்தில் பாய்வதும் இவர்கள்தான்.

படி 5: தாண்டும் நேரம்

புதிதாகத் தார் ஊற்றிச் சிறுகல் தூவிய இடத்தில் டயர் கல்லைத் தெறிக்க வைக்கும். அந்தக் கல் குனிந்து வேலை செய்பவரின் முகத்துக்குப் போகும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கல் மேல் வைத்துப் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். ஆகவே பிரேக்கை எல்லாம் கல் தொடங்கும் முன்பே முடித்துக்கொண்டு, உள்ளே போனபின் ஒரே சீரான வேகத்தில் உருண்டு வெளியே வாருங்கள்.

ஹோர்னை நம்ப வேண்டாம். றோலரோ மண் இடிக்கும் மெசினோ ஓடும் இடத்தில் அவருக்கு எதுவும் கேட்காது. கேட்டால் அது இன்னும் மோசம், சிலர் திடுக்கிட்டு வீதிப்பக்கமே காலை வைப்பார்கள். அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பி இருக்கிறதா என்று பாருங்கள். முதுகு காட்டி நின்றால், நீங்கள் வருவது அவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை. ஓட்டும்போது அதைக் கையில் எடுப்பதே குற்றம்.

வேலை செய்யும் கடைசி ஆளைத் தாண்டியதும் உடனே முறுக்கிப் பறக்காதீர்கள். சாமான் எடுக்கப் போனவரும் தேநீர் குடிக்கப் போனவரும் அந்தப் பக்கத்தில் இருந்துதான் நடந்து வருவார்கள்.

படி 6: விடியல், இரவு, மழை

கந்தளாய்ப் பக்கத்திலிருந்து காலையில் திருகோணமலை நோக்கி வரும்போது வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும். முன்கண்ணாடியில் புழுதி இருந்தால் வீதி முழுக்க வெள்ளையாகத் தெரியும், ஓரத்தில் நிற்பவர் அதற்குள் மறைந்துவிடுவார். புறப்படும் முன் கண்ணாடியைத் துடைப்பதும் இந்தக் கட்டுரையின் விஷயத்துக்குள் வரும்.

இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும், கந்தளாய்க்கு அப்பால் யானை வரும். அதற்காகவே மெதுவாகப் போகப் பழகியவருக்கு வீதியோரம் பழுதாகி நிற்கும் லொறியும் அதன் கீழே படுத்துத் திருத்துபவரும் தப்பாமல் கண்ணில் படுவார்கள். எதிரே வாகனம் வந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். இருவரும் முழு வெளிச்சத்தில் வந்தால் நடுவில் நிற்கும் ஆள் இருவருக்கும் தெரிய மாட்டார்.

இன்னொரு விஷயம், இது ஓட்டுபவர்களுக்கு மட்டும் இல்லை. வீடு கட்டுபவர்கள் மணலையும் கல்லையும் வீதியில் கொட்டி வைக்கிறார்கள். கூலிக்கு வந்தவர் வீதியில் நின்றுதான் அதை அள்ள வேண்டியிருக்கிறது. வேறு வழியே இல்லை என்றால் உள்ளூராட்சி சபையில் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரவில் குவியலுக்கு முன்னால் ஒரு விளக்கு வையுங்கள். அள்ளுபவருக்குப் பளிச்சென்ற ஒரு மேற்சட்டை வாங்கிக் கொடுங்கள், அது ஒன்றும் பெரிய செலவில்லை.

உங்கள் வண்டியே நின்றுவிட்டால்

இப்போது வீதியோர ஆள் நீங்கள்தான். முடிந்தவரை இடது ஓரத்து மண்ணுக்கு இறக்குங்கள். ஹசாட் லைட்டைப் போடுங்கள். முக்கோணப் பலகை இருந்தால் குறைந்தது 50 மீற்றர் பின்னால் வையுங்கள். வளைவு என்றால் வளைவுக்கு அப்பால் வைக்க வேண்டும், இந்தப் பக்கம் வைத்துப் பயனில்லை. குடும்பத்தை வண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள், வண்டிக்குப் பின்னாலும் நிற்க விடாதீர்கள். வீதியை விட்டுத் தள்ளி, வண்டிக்கு முன்பக்கமாக நில்லுங்கள். டயர் மாற்றுவது வலப்பக்கத்தில் என்றால், ஒருவர் டோர்ச் பிடித்துக்கொண்டு பின்னால் வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இரண்டு வரி

இங்கே பழகிய கையோடு கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகிறவர்கள் நம் ஊரில் பலர். ஒன்ராறியோவில் விளக்கு மின்ன நிற்கும் அவசர வாகனத்துக்கும் இழுவை வண்டிக்கும் வேகம் குறைத்து, இடமிருந்தால் லேன் மாறி வழிவிட வேண்டும். தவறினால் முதல் தடவைக்கே 400 முதல் 2000 டொலர் வரை தண்டம், லைசன்ஸில் மூன்று தண்டப் புள்ளி. விக்டோரியாவில் 2017 முதல் இப்படிப்பட்ட வாகனத்தைத் தாண்ட 40 கிலோமீற்றர்தான் உச்சம். தென் அவுஸ்திரேலியாவில் இன்னும் குறைவு, 25. புளோரிடாவிலும் டெக்சஸிலும் லேன் மாற முடியாவிட்டால் எல்லையை விட மணிக்கு 20 மைல் குறைத்துப் போக வேண்டும். சந்தையடியில் மெதுவாக உருளப் பழகியவருக்கு இது ஒன்றும் சிரமமாக இருக்காது.

மோதிவிட்டால்

நிறுத்துங்கள். ஓடிப் போவது தனிக் குற்றம். கூட்டத்துக்குப் பயம் என்றாலும், நின்று உதவி கேட்டவருக்கும் ஓடிப் பிடிபட்டவருக்கும் சட்டத்தின் முன்னால் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அடிபட்டவரை உடனே தூக்கி ஓட்டோவில் போடாதீர்கள், முள்ளந்தண்டில் காயம் இருந்தால் அந்தத் தூக்கலே அவரை முடமாக்கிவிடும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸுக்கு 119. பின்னால் வரும் வாகனங்களை மறிக்க இருநூறு மீற்றர் தள்ளி யாரையாவது நிறுத்துங்கள். பொலிஸ் வந்து பார்க்கும் வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.

இடத்தைச் சொல்லும்போது "கந்தளாய் தாண்டிக் கொஞ்ச தூரம்" என்றால் வருபவருக்கு விளங்காது. பெரிய வீதிகளில் கிலோமீற்றர் கல் நட்டிருக்கிறது. வீதி எண்ணையும் கல்லில் உள்ள இலக்கத்தையும் சொல்லுங்கள். கல் பக்கத்தில் இல்லை என்றால் அருகில் உள்ள பாலம், பாடசாலை, கோயில், பள்ளிவாசல் என்று ஏதாவது ஒன்றின் பெயரோடு, அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.